பட்டியலும் மனிதனும்

(பழைய மாணவர் ஒருவர்)

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென்று மலர்க்குழுவினர் அன்புடன் பணித்தனர். பழைய மாணவர் எழுதுங் கட்டுரை என்றால், ஆசிரியப் பெருந்தகைகளின் கண்டிப்பையும், விளையாட்டுப் போட்டி வெற்றிகளையும், சரசுவதி பூசை நாளின் அவலையும் கடலையையும் நினைவுகூர்வதே மரபு. அம்மரபை யான் இகழ்வேனல்லேன். ஆயினும், இக்கல்லூரி வாயிலைக் கடந்து வெளியுலகில் இறங்கிய என் தலைமுறையினர், எப்பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம் ஒன்றையும் கற்கவேண்டியவராயினர். ஓர் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட மக்களுள் ஒரு பகுதியினரை 'ஆபத்தானவர்' என்று எவ்வாறு வகுக்கின்றது, அவ்வாறு வகுக்கப்பட்டவன் அவ்வகுப்பிலிருந்து எவ்வாறு மீளுகின்றான் என்பதே அப்பாடம். அதனை இன்றைய மாணவர்க்கு எழுதிவைத்தல் என் தலைமுறையின் கடமை என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

இப்பாடத்தைக் கற்பதற்கு மாத்தளையிலும் சிறந்த இடம் இலங்கையில் அரிது. இம்மாவட்டத்து வரலாற்றை முறையே நோக்குவார், இங்கு வாழும் எச்சமூகமும் ஒரு காலத்தில் அரசின் ஐயத்துக்கு ஆளாகாமற் போகவில்லை என்பதைக் காண்பர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவர்க்கும் அம்முறை வந்துள்ளது. தன் முறை வாராதவரையில், பிறன்மேல் விழுந்த ஐயம் நியாயமானதே என்று நம்பியவர் பலர்.

முதலில் 1848ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தேசாதிபதி தொறிங்டன் காலத்திலே துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும் புதிய வரிகள் விதிக்கப்பட்டன. ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் பணங் கட்டவேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது. கண்டி நாட்டுக் குடியானவர் கொதித்தெழுந்தனர். தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டாவை அரசனாக முடிசூட்டினர். யூலை மாத இறுதியில் மாத்தளை நகர் தாக்கப்பட்டது. கலகம் சில நாளில் அடங்கிற்று. இராணுவச் சட்டமோ ஒக்டோபர் மாதம் வரை நீடித்தது. வீர புரன் அப்பு ஓகஸ்டு 8ஆந் திகதி சுடப்பட்டான். துறவி ஒருவர் காவியுடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதந் தாங்காதவரும், படைக்கு அஞ்சி வீட்டைவிட்டுக் காட்டுக்கு ஓடிய ஒரே காரணத்தாற் பகைவராகக் கருதப்பட்டனர். அவர்தம் சொத்துக்கள் பறிமுதலாயின. திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் என்று போற்றப்படும் அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகளும் அக்கலகத்திலேயே அழிந்தன. பின்னர் இங்கிலாந்துப் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. தேசாதிபதி 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். இறந்தவர் மீண்டாரல்லர்.

இதே ஆண்டுகளில் இதே தம்புள்ளைப் பாதையிலேதான் எம் முன்னோர் நடந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மிகிந்தலையையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்தனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் எண்ணிறந்தவர். அவ்வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாக, 2023ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்டு மாதங்களில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி நம் மாத்தளை நகரிலேயே நிறைவெய்தியதை மாணவர் பலர் கண்ணாற் கண்டிருப்பர்.

தொடக்கத்தில் அரசின் கண்ணுக்கு இம்மக்கள் பகைவரல்லர். நோய் கொண்டுவருபவர், தோட்டத்தை விட்டு ஓடக்கூடியவர், அவ்வளவே. நோய்க்கு அஞ்சி மண்டபத்து முகாமில் அடைத்துவைத்துப் பின்னரே அனுப்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகரத்துண்டு ஒன்றைக் கழுத்தில் அணிவித்தனர். தகர டிக்கெட் என்று அதனை நம்மவர் வழங்கினர். மனிதனுக்குப் பெயருக்கு முன்னே இலக்கம் வந்துவிட்டது. அவர்கள் விட்டுவந்த ஊர்களிலும் நிலைமை வேறன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியிற் பிறந்தவன் பிறப்பினாலேயே குற்றவாளி, கைரேகை பதியவேண்டும். இதனை எதிர்த்த பிறமலைக் கள்ளர் பலர் மதுரையை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதி சுடப்பட்டு மடிந்தனர். அச்சட்டம் ஒழிய 1947ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஈண்டு ஒரு விந்தையைக் கூறாமல் அப்பாற் செல்லல் இயலாது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கில அரசு, சிங்களத் தலைவர்களை இராசத் துரோகிகள் என்று ஐயுற்றுச் சிறையிலடைத்தது. மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபட்டமையே அவர்மேல் ஐயங் கொள்ளப் போதுமானதாயிருந்தது. அவர்களுக்காகப் பரிந்து பேசியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அன்று சிறையிலிருந்தவர்களுள் டி. எஸ். சேனநாயக்க அவர்களும் ஒருவர். அவரே முதற் பிரதமராயிருந்த 1948ஆம் ஆண்டில், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. மறு ஆண்டில் மலைநாட்டுத் தொழிலாளரின் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றஞ் சென்றமையும், வேறு பல தொகுதிகளிற் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்தமையும் ஆட்சியாளரை அச்சுறுத்தின. வாக்குச் சீட்டே ஆயுதமாகக் கருதப்பட்டது.

அச்சட்டத்தின் நுட்பம் நம் மாணவர் உற்றுநோக்கத்தக்கது. அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. தந்தையார் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்டு, அன்றேல் பாட்டனாரும் முப்பாட்டனாரும் பிறந்தமைக்குக் காட்டு என்றுமட்டுமே அது கேட்டது. கிராமத்தானிடமும் அத்தகைய சான்று இருந்ததில்லை. ஆயினும் அவனை ஒருவருங் கேட்கவில்லை, தோட்டத்தானையே கேட்டனர். கோடகன்பிள்ளை என்பார் தொடுத்த வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் அக்கழகம், சட்டத்தின் சொற்களில் எச்சமூகத்துக்கும் பாரபட்சம் இல்லை என்று தீர்த்தது. ஒரு மக்களை விலக்குவதற்கு அவர்தம் பெயரை எழுதவேண்டியதில்லை. அவர்களிடம் இல்லாத காகிதத்தின் பெயரை எழுதினாற் போதும்.

என் பாட்டனார் சிறுவனாக இங்கு வந்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பால்வெட்டியவர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவாளர் சட்டத்தின்கீழ், 1951ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத் தவணைக்குமுன் விண்ணப்பித்தவர் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர். அவருள் ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 134,000 பேரே. பாட்டனாரின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. தங்கையின் கல்யாணத்துக்காக ஒருமுறை ஊருக்குப் போய், அங்கே காய்ச்சலிற் கிடந்து, ஓராண்டு கழித்துத் திரும்பியதே அவர் செய்த குற்றம். விசாரணை நடத்திய அதிகாரி அவரை நோக்கி, "உன் மனம் எங்கே இருக்கிறது?" என்று வினவினாராம். அதற்குப் பாட்டனார், "மரத்திலே இருக்குதுங்க துரை, ஐந்நூறு மரம் வெட்டணும்" என்று மறுமொழி கூறினாராம். எங்கள் வீட்டில் இக்கதையைச் சிரித்தவாறே சொல்வர். ஆனால் அப்பதில் கோப்பில் ஏறவில்லை.

அதன்பின் எங்கள் லயத்துக் காம்பிராவில் ஒரு தகரப்பெட்டி வந்து சேர்ந்தது. பிறப்புப் பதிவு, தோட்டப் பாடசாலை இடாப்பின் பிரதி, அரிசி அட்டை, தள்ளுபடிக் கடிதம் எல்லாம் அதனுள் அடங்கின. 1977ஆம் ஆண்டும் 1983ஆம் ஆண்டும் கலவரங்களில் நாங்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒளிந்தபோது, நகையை மறந்தோம், அப்பெட்டியை மறந்தோமல்லோம். 1983இல் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலே தீக்கிரையாயிற்று. அம்மனுக்கே காப்பில்லாத நாளில், காகிதமே காப்பென்று நாங்கள் நம்பினோம்.

இதற்கிடையில் 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதென்றும் முடிவாயிற்று. அவர்களை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களை ஒருவருங் கேட்கவில்லை. என் தந்தையார் இந்தியாவுக்கு விண்ணப்பிக்க மறுத்துவிட்டார். சிறிய தந்தையார் குடும்பத்துடன் புறப்பட்டார். மாத்தளைப் புகையிரத நிலையத்தில் அன்றெழுந்த அழுகையொலியைக் கேட்டவர் மறவார்.

நீலகிரியில் குடியேறிய சிறிய தந்தையாரை அவ்வூரார் 'சிலோன்காரன்' என்றே அழைத்தனர். இங்கு வாழ்ந்தபோது அவரைக் 'கள்ளத்தோணி' என்று ஏசியதுண்டு. 1952இல் சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுக்க இலங்கைப் படை கடற்கரையிற் காவல் புரியத் தொடங்கிய காலத்தில், கரையில் இறங்கியவனைக் குறித்த அச்சொல், மலையிற் பிறந்து கடலையே காணாதவன்மேலும் ஒட்டிக்கொண்டது. 1991ஆம் ஆண்டு மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர், தமிழ்நாட்டில் இலங்கையிலிருந்து வந்தார்மேல் ஐயம் பரவியது; அகதி முகாம்களைக் 'கியூ' பிரிவுப் பொலிசார் கண்காணித்தனர். "இங்கே நான் சிலோன்காரன், அங்கே நான் இந்தியாக்காரன், எந்த மண்ணிலே நான் ஊர்க்காரன்?" என்று சிறிய தந்தையார் எழுதிய கடிதம் இன்றும் என்னிடம் உண்டு.

யானும் அவ்வினாவுக்கு விடை தேடியவனே. நம் கல்லூரியில் தேர்ச்சி பெற்று, ஆசிரியனாக வேண்டுமென்ற ஆசையுடன் விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். 'இலங்கைப் பிரசையா? வமிசாவழியாலா, பதிவினாலா?' என்றொரு வினா அதிலிருந்தது. இரண்டுமல்லாதவனுக்கு அப்படிவத்தில் இடமில்லை. நகரத்துக் கடையொன்றிற் கணக்கெழுதப் போனேன். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ச் சத்தியக் கடதாசி கொடுத்துச் சான்றிதழ் பெற்றபோது எனக்கு வயது முப்பத்துமூன்று. ஆசிரியப் பணிக்குரிய வயதெல்லை கடந்துவிட்டது. எஞ்சியவர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி செய்தது.

இனிச் சிங்கள மக்களின் முறையைக் காண்போம். 1971ஆம் ஆண்டு ஏப்பிரற் கிளர்ச்சியின் பின்னர், கிராமத்து இளைஞர் பல்லாயிரவர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1987 முதல் 1989 வரை அதனினும் கொடிய காலம். சாக்கினால் தலையை மூடிய ஒருவன் வரிசையில் நிற்பவரை நோக்கித் தலையசைத்தால் அவன் கதை முடிந்தது. வடக்கில் அத்தகையோரைத் 'தலையாட்டி' என்றனர். தெற்கில் 'கோனி பில்லா' என்றனர். 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் வெட்டியபோது 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை எக்காலத்தன என்பதில் ஆய்வாளர் முரண்பட்டனர். ஆயினும் அச்செய்தி பரவியவுடன், 1989இல் மகனைத் தொலைத்த தாய்மார் வைத்தியசாலை வாயிலுக்கு வந்தனர். வேலி கடந்து நின்ற அவர்களைக் கண்டபோது எனக்கு எங்கள் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. அவர்களும் நிழற்படத்தையும் முறைப்பாட்டுத் துண்டையும் கையில் வைத்திருந்தனர்.

கிளர்ச்சி செய்தோரும் இக்குறையின் நீங்கினரல்லர். மக்கள் விடுதலை முன்னணி தன் தொடக்க கால வகுப்புகளில் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று ஒரு பாடம் நடத்தியது. தோட்டத் தொழிலாளியை அதன் கருவியாகக் காட்டியது. தாமே ஐயத்துக்கு உரியவராயிருந்தும், தமக்குக் கீழே ஒருவனை ஐயுறத் தவறவில்லை. 1971இலும் 1983இலும் தடைசெய்யப்பட்ட அதே முன்னணியின் தலைவர் 2024இல் நாட்டின் சனாதிபதியானார். இன்றைய 'ஆபத்தானவர்' நாளை அமைச்சராதல் கூடும். இடையில் மாண்ட இளைஞர்க்கு அதனால் யாது பயன்?

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கென்று வந்து, 1982இல் நிரந்தரமாயிற்று. வழக்கின்றிப் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைக்க அது இடந்தந்தது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலும் சான்றாயிற்று. 1996ஆம் ஆண்டு சனவரி மாதம் கொழும்பு மத்திய வங்கி தகர்க்கப்பட்ட பின்னர், கடைச் சரக்கு வாங்க யான் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டேன். என் அடையாள அட்டையில் அந்நாளிலே தமிழெழுத்து ஒன்றும் இல்லை, பெயரே போதுமானதாயிருந்தது. ஒருநாள் வரிசையில் நின்ற எங்கள் சிலரை மட்டும் பிற்பகல் வரை வைத்திருந்தனர். பேருந்து போய்விட்டது. உடன் பிரயாணஞ் செய்த உக்குவளைப் பக்கத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர் மட்டும் போகாமல், மரநிழலிற் குந்தியிருந்தார். விடுபட்டு வந்தபின், "அய்யே, நீங்கள் ஏன் போகவில்லை?" என்றேன். "மல்லி, என் மகனையும் இப்படி வரிசையிலே நிறுத்தித்தான் கொண்டுபோனார்கள். பெயர் பட்டியலிலே இருந்ததாம். அந்தப் பட்டியலை இன்றுவரை எனக்கு ஒருவருங் காட்டவில்லை. நீ வெளியே வருகிறாயா என்று பார்த்துவிட்டுப் போகலாமென்றுதான் இருந்தேன்" என்றார். இருவரும் அடுத்த பேருந்திற் புறப்பட்டோம்.

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு நாளின் கொடிய தாக்குதல்களுக்குப் பின்னர், முறை முஸ்லிம் சகோதரருக்கு வந்தது. நம் நகர்க் கடைவீதியில் நாற்பதாண்டு பழகியவனை வாடிக்கையாளர் சிலர் திடீரென்று அந்நியனாக நோக்கினர். அசலக்கையில் ஒரு பெண், தன் உடையிலிருந்த கப்பற் சுக்கானின் படம் தருமச் சக்கரமாகக் கருதப்பட்டமையால் மறியலில் வைக்கப்பட்டாள். ஐயம் கண்ணுக்கேறிவிட்டால் சுக்கானும் சக்கரமாகும்.

இஃது இலங்கைக்கே உரிய நோயன்று. அமெரிக்க அரசு 1942இல் ஏறத்தாழ 120,000 யப்பானிய வமிசத்தவரை முகாம்களில் அடைத்தது. அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகளே. 1988இல் அந்நாட்டுச் சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டு, உயிருடனிருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டொலர் வழங்கிற்று. பிழையென்று ஒப்புக்கொள்ளப் பெரிய வல்லரசுக்கும் நாற்பத்தாறு ஆண்டு சென்றது.

அப்படியாயின் அரசு தன் மக்களைக் காத்தல் வேண்டாவோ என்று வினவலாம். நியாயமான வினாவே. 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி நம் தம்புள்ளையிலேயே பேருந்தில் வெடித்த குண்டினாற் பிரயாணிகள் பலர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலார் யாத்திரை போன எளிய மக்கள். குண்டு வைத்தவனைத் தேடிப் பிடித்தல் அரசின் கடன். வள்ளுவரும் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரம் வகுத்தவரே. ஆயினும் ஓர் ஒற்றன் கூறியதை இன்னோர் ஒற்றனால் ஆராய்ந்தே கொள்ளவேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரமோ ஒவ்வொருவனையும் அவனவன் குணத்தாலும் செயலாலும் அளக்கச் சொல்கின்றது. செயலை ஆராய்தல் காவல். பிறப்பை ஆராய்தல் அச்சம். முன்னதில் குற்றத்தை அரசு மெய்ப்பிக்க வேண்டும். பின்னதிலோ குற்றமின்மையை எளியவன் மெய்ப்பிக்க வேண்டும்; செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று காட்டும் காகிதம் எந்தத் தகரப்பெட்டியிலும் இல்லை. அன்றியும், பட்டியலிலே காலங்கழிக்கும் அதிகாரி குண்டு வைப்பவனைக் கோட்டை விடுகின்றான்.

இன்று பட்டியல்கள் ஏட்டிலில்லை, கணினியில் உள்ளன. ஏடு கறையானுக்கு இரையாகும், கணினி மறப்பதில்லை. நம் மாணவருள் நாளை கிராம உத்தியோகத்தராகவும், பொலிஸ் அதிகாரியாகவும், நீதவானாகவும், கணினிப் பொறியியலாளராகவும் வரப்போகின்றவர் பலர். உங்கள் மேசைமேல் ஒருநாள் அத்தகைய பட்டியல் வரும். உங்கள் சமூகத்தார் பெயர் அதில் இல்லையென்று மகிழ்ந்து கையொப்பமிடாதீர்கள். ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே, இவன் செய்தது யாது, கண்டவர் யார் என்ற இரு வினாக்களை எழுதுங்கள். விடையில்லாத பெயரை அடித்துவிடுங்கள். அதனால் உங்கள் பதவி உயர்வு ஓராண்டு பிந்தினும் பிந்தும். ஒரு வீட்டில் ஒரு மகன் மாலையிற் திரும்பி வருவான்.

நம் கல்லூரி இன்னும் பல விழாக்கள் காண்பதாக.